மலையில் சாக்ஸபோன்: எதை வாங்குவது, எதை விடுவது

நாற்பது வயதுக்கு மேல் சாக்ஸபோன் ஆசை வந்தவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். கேமரன் மலையில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி பிறகு வரட்டும். இங்கே முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பக்கத்து வீட்டுச் சுவர், பெட்டிக்குள் ஏறும் ஈரம்.

அதற்கு முன் அளவைப் பேசிவிடலாம். கடையில் கிடைப்பவை சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிட்டோன். பாரிட்டோன் வேண்டாம், கனமும் விலையும் ஆளை ஓட வைத்துவிடும். சொப்ரானோ சின்னதாக, நேராக, நாதஸ்வரத்தின் தம்பி போல இருப்பதால் நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம். ஆனால் உதடு கொஞ்சம் நழுவினாலும் சுருதி விலகிவிடும் கருவி அது. புதியவர் கையில் எடுக்க வேண்டியதில்லை. மிச்சம் ஆல்டோவும் டெனரும். ஆல்டோ சுமார் இரண்டரை கிலோ. டெனர் அதைவிட ஒரு கிலோ கூடுதல், காற்றும் அதிகம் கேட்கும். பகல் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிய கழுத்துக்கும் தோளுக்கும் அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். எதை வாங்கினாலும் கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு, இரு தோளிலும் மாட்டும் பட்டையாக வாங்குங்கள்.

ஆல்டோவுக்கு என் ஓட்டு விழ இன்னொரு காரணம் கட்டைக் கணக்கு. ஆல்டோவில் 'சி' பிடித்து ஊதினால் காதில் விழுவது ஈ-ஃபிளாட், நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. கோயில் நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில்தான் இருக்கும். ஆக, எளிதான விரல்பிடிப்பிலேயே 'ச' வைத்து சரளி வரிசை பழகலாம். டெனரில் அதே 'சி' ஆறரைக் கட்டையில் போய் நிற்கும். யாராவது ஒரு கட்டையில் பாடினால் ஆல்டோக்காரர் 'ஏ'விலிருந்தும் டெனர்காரர் 'டி'யிலிருந்தும் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் சினிமாப் பாட்டு நோட்ஸை அப்படியே வாசித்து, 'கருவியில் ஏதோ கோளாறு' என்று நினைப்பவர்கள் நிறைய. சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் கைக்கொண்டதும் ஆல்டோதான். நாதஸ்வர வித்வானின் மகனான அவர், கமகம் வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்று சாவிகளையே மாற்றியமைத்தார். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் நாம் கேட்ட சாக்ஸபோன் அவருடையது. அந்தக் குழைவு உதட்டிலும் மூச்சிலும் பல வருடம் ஊறி வருவது, கடையில் கிடைக்காது.

புதிதா, பழையதா? இணையக் கடையில் மலிவாக, பெயர் தெரியாத பளபளப்பான ஆல்டோ கிடைக்கும். தொடாதீர்கள். அதன் தண்டுகள் இளகிய உலோகம். வளைந்தால் பழுது பார்ப்பவரே தயங்குவார். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, யாமஹா வொய்ஏஎஸ்-280 மாதிரி மாணவர் ரகத்தில் ஒரு பழைய ஆல்டோ தேடுவது மேல். பார்க்கப் போகும்போது சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். இருட்டான அறையில் குழாய்க்குள் வெளிச்சத்தை விட்டு, மூடியிருக்கும் ஒவ்வொரு தோல் பேடின் ஓரத்தையும் கவனியுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும். பிறகு, வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஆகக் கீழ் 'பி-ஃபிளாட்'டை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். அது திக்காமல் வந்தால் கருவி நல்ல நிலையில் இருக்கிறது.

இனி சுவர். லயத்து வீட்டில் ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டுக்காரர் 'நூறு' என்பார். அங்கே சாக்ஸபோனை மெல்ல ஊத முதல் வருடம் யாராலும் முடியாது. கருவியின் வாயில் துண்டைத் திணிக்கும் யோசனையும் பலிக்காது, ஏனென்றால் சத்தம் திறந்திருக்கும் துளைகள் எல்லாவற்றிலும் வெளியே வருகிறது. ராத்திரி மட்டுமே நேரம் கிடைப்பவருக்கு, ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கும் டிஜிட்டல் சாக்ஸபோன் இருக்கிறது. யாமஹாவின் வொய்டிஎஸ்-150 அந்த வகை. விரல் பழக அருமையான சாமான். ஆனால் அதில் உதட்டில் படும் ரீட் அதிர்வதில்லை, உதடு எதையும் கற்றுக்கொள்வதில்லை. அதுவும் விலையில் குறைந்ததல்ல. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஆல்டோவை வாங்கிக்கொண்டு, ஞாயிறு மதியம் கோயில் மண்டபத்தையோ பள்ளி வகுப்பறையையோ கேட்டுப் பாருங்கள். காரை ஒதுக்குப்புறத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊதினாலும் தப்பில்லை.

ஈரம்தான் இந்த மலையின் நிரந்தரக் குடித்தனம். ஊதி முடித்ததும் துணியைக் கயிற்றோடு உள்ளே விட்டு இழுத்துத் துடைக்காவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். முதலில் மாட்டுவது ஜி-ஷார்ப் சாவி. விரலை அழுத்துவீர்கள், பேடு எழும்பாது. சிகரெட் தாளை அதன் அடியில் செருகி, அழுத்தி, ஈரத்தை ஒற்றி எடுத்தால் விடும். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். நாணல் ரீட் இங்கே பூசணம் பிடிக்கும், நெளியும். பிளாஸ்டிக் ரீட் ஒன்றின் விலைக்குப் பல நாணல் ரீட் வாங்கலாம் என்றாலும், ஈரத்துக்கு அசையாமல் மாதக்கணக்கில் உழைக்கும். கீழ்நாட்டு நண்பருக்கு நாணலே போதும். மலைக்காரருக்கு என் சிபாரிசு பிளாஸ்டிக். எதுவானாலும் 2ஆம் எண்ணில் தொடங்குங்கள். மூன்றுக்குப் போவது வீரம் இல்லை.

காலைக் குளிரில் சுருதி இறங்கியிருக்கும். ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகு சுருதிப் பெட்டியோடு சேர்த்துப் பாருங்கள். மலைமேல் பிரிஞ்சாங்கில் ஒன்றும் கீழே ஈப்போவில் ஒன்றும் சொல்கிற அதே கருவியைக் கண்டு குழம்ப வேண்டாம்.

ஆசிரியர் விஷயத்தில் யூடியூபை நம்பி இருந்துவிடாதீர்கள். முதல் இரண்டு மாதமாவது, மாதம் ஒரு தடவை சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கி, மேல்பல் எங்கே பதிகிறது, கீழுதடு எப்படி மடிகிறது என்று ஒருவரிடம் நேரில் காட்டிவிட்டு வாருங்கள். பொய்ப்பல் கட்டியவர்கள் கருவி வாங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.