கொள்ளுப்பாட்டியின் ஊர் எது?

இந்த மாதப் பாடம் ஒரு கேள்வியோடு தொடங்குது: உங்க குடும்பத்தில் முதலில் கப்பல் ஏறியவர் யார்?

எங்க கொள்ளுப்பாட்டிக்கு அப்போ எட்டு வயசு. தாய் தகப்பன் இல்லை. ஊர்க்காரக் குடும்பம் ஒன்று அவங்களைத் தங்கள் மகளாகச் சேர்த்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியது. அதுதான் இன்றைய கிள்ளான் துறைமுகம். தம்பி ஒருவன் ஊரிலேயே நின்றுவிட்டான்.

இப்படி வந்தது ஏன்? தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்கே போய், உறவுக்காரர்களைக் குடும்பம் குடும்பமாக அழைத்து வருவார். இந்த முறை 1938 வரை நடந்தது. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் விதிப்படி, 18 வயசுக்குக் குறைந்தவர் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் கூலி வேலைக்குப் போக முடியாது. அதனால் அநாதைப் பிள்ளை இன்னொருவர் பொறுப்பில்தான் கப்பல் ஏற முடியும். அங்கேதான் சொந்தத் தகப்பன் பெயர் மறைந்துபோகுது.

பிரிட்டனும் ஏழைப் பிள்ளைகளைக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தனியாக அனுப்பியது. அதற்காக ஆஸ்திரேலியா 2009-இலும் பிரிட்டன் 2010-இலும் மன்னிப்புக் கேட்டன. அந்தப் பிள்ளைகளை அனுப்பிய இல்லங்கள் பதிவேடு வைத்திருந்தன. பலர் அதை வைத்தே உறவைத் தேடினார்கள். நம்ம பிள்ளைகள் குடும்பத்துக்குள் ஒருவராக வந்தவர்கள். அவர்களை எப்படித் தேடுவது?

சர்க்யூட்டில் வயர் அறுந்தால் இரண்டு முனையிலிருந்தும் சோதிப்போம். இதுவும் அப்படித்தான்.

1. முதலில் வீட்டுப் பெரியவர்கள். "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்காதீங்க. குலதெய்வம், பக்கத்து ஆறு, கங்காணி பெயர், லயத்தில் பக்கத்து வீட்டார் யார் என்றும் கேளுங்க.
2. பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்க. பெயர் எழுத்து மாறியிருந்தால் திருத்தாமல் அப்படியே குறியுங்க.
3. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. தோட்டம் மூடியிருந்தால் பள்ளி எங்கே இடம் மாறியது என்று விசாரியுங்க.
4. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம். தோட்டத்தின் பெயர் தெரிந்த பிறகு போனால் தேடுவது சுலபம்.

எங்க பாட்டிக்கு இப்போ நினைவிருப்பது "அய்யனார் கோயில், பக்கத்தில் பெரிய குளம்" என்பது மட்டும்தான். கொள்ளுப்பாட்டி கடைசிவரை தம்பி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாங்களாம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பயிற்சி: அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு பெரியவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்து கொண்டு வாங்க. தள்ளிப்போடாதீங்க.