திருக்கோவலூர் இடைகழி: ஒரு சொல்விளக்கம்

முதலாழ்வார்கள் வைபவத்தை அநுஸந்திக்கும்போது ‘இடைகழி’ என்ற சொல்லுக்குத் திண்ணை என்று பொருள் கொண்டு கடந்துவிடுவோர் உண்டு. அயல்நாடுகளில் வளரும் குழந்தைகளுக்கு அப்படிச் சொல்லிவைப்பது எளிதும்கூட. ஆனால் திண்ணை தெருவை நோக்கிய, திறந்த இடம். அங்கே நெருக்கம் ஏது? நெருக்கம் இல்லையேல் அந்த வைபவமே இல்லை.

பழைய வீட்டில் தெருத்திண்ணையைக் கடந்து, நிலைப்படியைத் தாண்டினால், முற்றத்துக்குப் போகுமுன் குறுகலான நடை ஒன்று இருக்கும். இருபுறமும் சுவர், மேலே கூரை. பகலிலும் சற்று இருட்டு. அதுவே இடைகழி. பேச்சில் தேய்ந்து டேழி, ரேழி என்றாயிற்று. “குடையை ரேழியில் வை” என்னும் பாட்டிமார் ஆழ்வார் திருவாக்கிலுள்ள சொல்லையே வழங்குகிறார்கள்! கழிதல் என்றால் கடந்து செல்லுதல். ஆகவே இடைகழி கடந்து போவதற்கான இடம், தங்குவதற்காக அமைந்ததன்று.

அத்தகைய இடத்தில்தான் மழையிரவில் பொய்கையாழ்வார் சயனித்திருந்தார். பூதத்தாழ்வார் வரவே, ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம் என்று அமர்ந்தனர். பேயாழ்வாரும் வந்தபின் மூவரும் நின்றனர். நான்காமவராக எம்பெருமான் வந்து நெருக்கினான். உலகளந்த திருவடிகளுக்குச் சொந்தக்காரன், நிற்க இடமில்லாத ஓரிடத்தைத் தேடி வந்தான் என்பதே இங்கு ரஸம்.

முதல் திருவந்தாதியின் 86ஆம் பாசுரத்தில் பொய்கையாழ்வார் இதைத் தாமே பேசுகிறார். பிராட்டியோடு கூட வந்து நின்றவனை, அன்று மலையெடுத்து மழை தடுத்தவனே என்று விளிக்கிறார். வாசலைக் கடந்து வெளியே போகவுமில்லை, உள்ளே புகவுமில்லை. இடைகழியையே பற்றி நின்றான் என்கிறார். பாசுரத்தில் ‘கழி’ இருமுறை வருவதைக் கவனிக்க வேண்டும்: ‘கடைகழியா’ என்பதில் வினையாக, ‘இடைகழி’ என்பதில் இடப்பெயராக. கடந்துபோகும் இடத்தில் கடந்துபோகாமல் நின்றான் என்ற நயம் அதனால் கிடைக்கிறது. திண்ணை என்று கொண்டால் இது அடியோடு போய்விடும்.

ஸ்வாமி வேதாந்த தேசிகன் இவ்வெம்பெருமான் விஷயமாக அருளிய ஸ்தோத்ரத்துக்கு ‘தேஹளீச ஸ்துதி’ என்று திருநாமம். மூவர் நெருக்கத்தில் கரும்பின் சாறு போலே அவன் குணம் பெருகியதாக அநுபவிக்கிறார். வடமொழியில் தேஹளீ என்றால் பெரும்பாலும் வாசற்படியையே கொள்வர். அங்கே வைத்த விளக்கு உள்ளும் புறமும் ஒளி தரும் என்பதைக் கொண்டே, நடுவே நின்ற ஒரு சொல் முன்னும் பின்னும் அந்வயிப்பதை ‘தேஹளீ தீப நியாயம்’ என்கிறார்கள். ஆயினும் இத்தலத்து எம்பெருமான் திருநாமத்தில் அச்சொல்லுக்குப் படி என்று மட்டும் பொருள் கொள்வது பொருந்தாது. படியில் ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் மழைக்கு ஒதுங்கவும் இயலாதன்றோ?