கொடுத்தவரையும் விசாரி

டாக்டர் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெயின்லேண்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை முடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு மாத்திரை, பத்தியம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் குறைவறச் சொல்லிக்கொடுக்கப் பழகிவிட்டதாகவும், ஆனால் அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் மற்றவரிடம், அதாவது சிறுநீரகத்தைக் கொடுத்தவரிடம், என்ன பேசுவதென்று விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இந்தச் சந்தேகம் உனக்கு எழுந்ததே எனக்குப் பரம சந்தோஷம். கீர்த்தி பெற்ற நிபுணர்கள் பலருக்கு ஆயுள் முழுவதும் அது எழாமலே போனதுண்டு.

இந்தச் சிகிச்சையின் பழைய கதை ஒன்றைக் கேள். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, ரொனால்டு ஹெரிக் என்ற இளைஞரின் சிறுநீரகத்தை எடுத்து, அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். அறுவைக்கு முந்தின இரவு, எழுந்து வீட்டுக்குப் போய்விடும்படி ரிச்சர்டு சகோதரருக்கு ஒரு சீட்டு எழுதியனுப்பினாராம். போவதாக இல்லை, இங்கேயேதான் இருக்கப்போகிறேன் என்று ரொனால்டு பதில் எழுதினாராம். ரிச்சர்டு அதன்பின் எட்டு வருஷம் வாழ்ந்தார். மர்ரேக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரொனால்டோ, கணக்கு வாத்தியாராகப் பணியாற்றி, ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை ஜீவித்திருந்தார். வாங்கியவர் போனபின் கொடுத்தவர் தனியே கழித்த அந்த நீண்ட காலத்தைப் பற்றி வைத்தியர்கள் பேசுவது சொற்பம். நம் தேசத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1971-இல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கி வைத்த காலம் முதல் நம்மிடமும் அதே வழக்கம்தான்.

முதலில் சரீரத்தின் கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள். மிஞ்சிய சிறுநீரகம் சில மாதங்களில் சற்றே பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவிகிதத்தைத் தானே செய்யத் தொடங்குகிறது. அறுவையால் உயிர்ச்சேதம் நேர்வது 10,000 பேரில் சுமார் மூவருக்கு. அமெரிக்காவில் 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, கொடுத்தவர்களில் 10,000 பேருக்கு 90 பேர் ஆயுட்காலத்தில் சிறுநீரகம் முற்றும் செயலிழக்கும் நிலையை அடையக்கூடும். அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்தும் கொடாதவர்களில் அந்தத் தொகை 14. அபாயம் அற்பமே ஆனாலும் இல்லாததன்று. "ஒண்ணுமே ஆகாதும்மா" என்று அவசரமாக ஆறுதல் சொல்லும் வழக்கத்தை நீ கைக்கொள்ளாதே. பிற்பாடு கணுக்கால் வீங்கும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு நினைவு வருவது உன் வார்த்தைதான்.

இனி மனத்தின் சங்கதி. கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர், மறுபடி கேட்டாலும் கொடுப்பேன் என்றே சொல்கிறார்கள். அது உபசாரத்துக்குச் சொல்வதன்று, உண்மை. தன் கண்ணெதிரே பிள்ளை மறுபடியும் வயிறார உண்பதையும், அளந்து குடித்த தண்ணீரைச் செம்பு நிறைய அண்ணாந்து குடிப்பதையும் காண்கிற தாய்க்கு, விலாப்புறத்து வலி ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அந்த ஆனந்தத்தின் அடியிலேயே, வெளியே சொல்ல வெட்கப்படுகிற சோர்வு ஒன்று சில வாரங்களில் வந்து படிகிறது. உறவினர் பழக்கூடையோடு வந்து நிற்பது வாங்கியவர் கட்டிலருகே. கொடுத்தவர்தான் வெகு சீக்கிரம் எழுந்து அந்தப் பழத்தை நறுக்கவேண்டியவராகிறார். தம்பிக்குக் கொடுத்த ஒரு தமக்கையை நான் அறிவேன். தம்பியின் காகிதங்கள் பிளாஸ்டிக் உறைகளில் தேதிவாரியாக அடுக்கியிருந்த தடித்த கோப்பை அவள்தான் மடியில் வைத்திருப்பாள். உன் காகிதம் எங்கே அம்மா என்று கேட்டபோது, அந்தக் கோப்பின் கடைசி உறையிலிருந்து நான்காக மடித்த ஒற்றைத் தாளை எடுத்து நீட்டினாள். அதுதான் அவளுடைய டிஸ்சார்ஜ் சம்மரி. அறுவைக்குப் பின் அவளுக்கு எவரும் பிரஷர் பார்த்ததில்லை.

இதிலே சட்டத்தின் விசித்திரம் ஒன்றையும் பார். 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1995 பிப்ரவரி 4 அன்று அமலுக்கு வந்தபோது, மூன்று ராஜ்யங்களோடு யூனியன் பிரதேசங்கள் அனைத்துக்கும் அது நேரடியாகப் பொருந்தியது. ஆகவே தமிழ்நாடு ஏற்பதற்கு முன்பே உங்கள் தீவுகளில் அது சட்டம். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், தம்பதிகள், பின்னர் 2011-இன் திருத்தத்தால் பாட்டன் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் என்று நெருங்கிய உறவை வரையறுத்து, அதற்கு வெளியே உள்ளவரை அங்கீகாரக் குழுவின் முன் நிறுத்தி, இஷ்டப்பட்டுத்தான் கொடுக்கிறாயா, பணம் வாங்கினாயா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்கவே வேண்டும். ஆனால் கத்தி பட்ட பிறகு, எப்படி இருக்கிறாய் என்று கேட்க அத்தகைய குழு எதுவும் இல்லை.

பணத்துக்காகக் கொடுத்தவர்களின் கதை வேறு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் சந்தித்து, மறுவருஷம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 96 சதவிகிதம் பேர் கடனடைக்க விற்றவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனாளிகள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 79 சதவிகிதம் பேர், இன்னொருவரை இதைச் செய் என்று சொல்லமாட்டோம் என்றார்கள். வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பெயர் வந்ததும், சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காக இதே வழியில் போனது 2007-இல் அம்பலமானதும் உனக்குத் தெரிந்திருக்கும். அதே உறுப்பு, அதே அறுவை; ஒருவருக்கு அது ஜன்மம் எடுத்ததன் பலனாகவும் இன்னொருவருக்கு ஆறாத அவமானமாகவும் ஆகிறதென்றால், மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது மறுக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்ததா என்பதே என்று நான் நினைக்கிறேன். குடும்பத்துக்குள்ளும் இது பொருந்தும். நம் தேசத்தில் உயிரோடு கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாற்று உறுப்பைப் பெறுபவர்களிலோ பெரும்பாலோர் ஆண்கள். மாமியார் பார்வையே உத்தரவாகிற வீட்டில் மருமகள் சொன்ன சம்மதம் எத்தன்மையது என்று நீ அறியவேண்டுமானால், அவளைத் தனியே அழைத்துப் பேசு. கொடுத்தபின் கருவுற்ற பெண்களில் 100-க்கு 11 பேருக்கு ரத்த அழுத்தக் கோளாறு கண்டது, கொடாதவர்களில் 5 பேருக்கே கண்டது என்ற விவரத்தையும், கொடுக்கப்போகிறவள் கல்யாணமாகாத தங்கையாயின் அவளிடமே சொல். அவள் தகப்பனாரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததென்று இராதே.

எல்லாவற்றிலும் கொடியது, கொடுத்த சிறுநீரகம் நிலைக்காமல் போவது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1999-இல் வெளியிட்ட கணக்கில், கொடுத்ததற்காக வருந்தியவர்கள் 100-க்கு 4 பேர்தான். அவர்களிலும் வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் மாண்டுபோன இடங்களில் வருத்தம் அதிகம். அப்படிப்பட்ட வீட்டில், "என் கிட்னி சரியில்லையோ" என்று ஒரு தகப்பனார் கேட்பார். உடல் ஏற்காததற்கும் கிருமித் தொற்றுக்கும் அவர் காரணமல்ல என்பதை அவருக்கு விளங்கும் பாஷையில், ஒரு தடவைக்கு நாலு தடவையாகச் சொல். உங்களைப்போல் தியாகி உண்டா, தெய்வம் நீங்கள் என்றெல்லாம் துதிக்காதே. தெய்வமாக்கப்பட்டவர் தமக்கு வலிக்கிறதென்று யாரிடம் போய்ச் சொல்வார்?

சென்னையிலோ வேலூரிலோ இருப்பவருக்கு மறு பரிசோதனை ஒரு நாள் பயணம். உங்கள் தீவுகளில் கச்சாலிலோ ஹட்பேயிலோ வாழும் கொடுத்தவருக்கு முதலில் போர்ட் பிளேர் வரும் கப்பல், பிறகு மூன்று நாள் கடல் அல்லது கைக்கு எட்டாத விமானக் கட்டணம். வாங்கியவருக்காக அந்தச் செலவைச் செய்யும் குடும்பம் கொடுத்தவருக்காகச் செய்யாது. ஆகையால் அவருடைய வைத்தியர் நீதான், வேறொருவர் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இவ்வளவு போதும். மூட்டுவலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கவேண்டாம் என்று எச்சரித்துவை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் உறுப்புக் கொடுத்தால் 42 நாள் வரை விசேஷ விடுப்பு உண்டென்று 2023-இல் ஆணை வந்திருப்பதை அவருக்கு எடுத்துச்சொல்லி, ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு விண்ணப்பிக்கச் சொல். மீன்பிடித் தொழிலாளிக்கு அந்த விடுப்பை எவரும் தருவதில்லை. படகை இழுக்காமல் அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்பதை அறுவைக்கு முன்பே குடும்பத்தாரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடு.

நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கொடுத்தவர்களுக்கென்று தனிப் பதிவேடு தொடங்கு. வாங்கியவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் அவரோடு மட்டும் பேசு. தம்பி எப்படி இருக்கிறார் என்று ஆரம்பிக்காமல், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பி. அடுத்த கடிதத்தில் அந்தப் பதிவேட்டில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எனக்கு எழுது.