ஒரே இரும்பு, இரண்டு நிறம்

மாணவர்களே, பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயர் செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரக் கடைகளையும் அத்தாப்பு வீடுகளையும் அழித்தன. அதன்பின் நகரம் செங்கல்லால் எழுந்தது. கப்பித்தான் யாப் குவான் செங்கின் சூளை பிரிக்ஃபீல்ட்சில்தான் இருந்தது.

செங்கல் ஏன் சிவப்பு? களிமண்ணில் உள்ள இரும்பு, சூளைக்குள் வரும் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெரிக் ஆக்சைடாக இருக்கிறது. துருவின் நிறம் அது. தீபாவளிக்கு நாம் வாங்கும் அகல் விளக்கின் சிவப்பும் அதுவே.

இனி, சீனத் தேநீர்க் கடையில் இருக்கும் இளம்பச்சை செலடோன் கிண்ணத்தைப் பாருங்கள். மரபு முறையில் செய்த கிண்ணத்தில் பச்சைச் சாயம் துளியும் இல்லை. அந்தப் பச்சையும் இரும்பின் வேலைதான்!

செலடோனுக்குப் பேர்போன ஊர், சீனாவின் செஜியாங் மாநிலத்திலுள்ள லோங்சுவான். அங்கே பாறைத்தூள், சாம்பல், களிமண் ஆகியவற்றைக் கரைத்துக் கிண்ணத்தின் மேல் பூசுவார்கள். அந்தப் பூச்சில் இரும்பு ஆக்சைடு நூற்றில் ஓரிரு பங்குதான். சூளை சுமார் 1,200 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது பூச்சு உருகிக் கண்ணாடியாகும்.

குயவரின் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. சூளைக்குள் போகும் காற்றைக் குறைத்துவிடுவார். விறகு முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ஆக்சிஜனுக்கு ஏங்கும் அந்த வாயு, ஃபெரிக் ஆக்சைடிலிருந்தே அதைப் பறித்துக்கொண்டு கார்பன் டையாக்சைடு ஆகும். மிஞ்சுவது ஃபெரஸ் ஆக்சைடு. கண்ணாடியில் கரைந்த ஃபெரஸ் இரும்புதான் நீலம் கலந்த பச்சை. படிவம் 5 வேதியியலில் வரும் ஒடுக்க வினை இதுதான். ஊது உலையில் இரும்புத் தாதுவுக்கு நடப்பதும் இதுவே. அங்கே ஆக்சிஜன் முழுவதும் போய் உலோகம் கிடைக்கும்; இங்கே பாதியில் நின்றால்தான் அழகு.

நிறுத்துவதுதான் கடினம். காற்று கூடுதலாகப் புகுந்தால் பச்சை மஞ்சளாகிப் பழுப்பேறும். மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் சூளையில் ஆயிரக்கணக்கான பாண்டங்கள் ஒரே தடவையில் வேகும். வெப்பமானி இல்லாத காலத்துக் குயவருக்குத் தீயின் நிறமே கணக்கு. ஆறிய சூளையைத் திறக்கும்வரை பலன் தெரியாது. இந்தச் சூளை நுட்பத்தை யுனெஸ்கோ 2009இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பாண்டங்கள் கப்பலேறி நம் பக்கமும் வந்தன. கெடாவின் பெங்காலான் பூஜாங்கிலும், தமிழ்நாட்டின் பெரியபட்டினத்திலும் செலடோன் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

உடைந்த பழைய செங்கல் கிடைத்தால் அதன் நடுப்பகுதியைப் பாருங்கள். சிலவற்றில் வெளியே சிவப்பு, உள்ளே கருஞ்சாம்பல் நிறம் இருக்கும். அந்த இடத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை.