மறுமொழி வராத கடிதம்
(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

தனித்து நிற்கும் கணிப்பொறி தீவு போன்றது. வெளியிலுள்ள கணிப்பொறிகளோடு அதைப் பேச வைக்கும் பாலமே இணைப்பு நிரல். அத்தகைய பாலமொன்றைக் கட்டப்போய் நான் கற்ற பாடத்தை இங்கே கூற விழைகிறேன்.

நம் கல்லூரி இரத்த தானக் குழுவுக்காக ஒரு நிரல் எழுதினேன். இரத்தம் தேவைப்படுங்கால் உரிய பிரிவினரின் கைப்பேசிகளுக்குச் செய்தி செல்ல வேண்டும். அதை அனுப்பித் தரும் நிறுவனத்தின் சர்வர் வெளியே உள்ளது. அதனிடம் எதை, எவ்வடிவில் கேட்கலாம் என வரையறுக்கும் ஒப்பந்தமே ஏ.பி.ஐ. எனப்படுவது.

வேலை நான்கு படிகளாக அமைந்தது.

1. நிறுவனம் தந்த இரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதாமல் தனியே வைத்தல். நிரலைப் பிறர் பார்த்தாலும் சாவி வெளிப்படாது.

2. கைப்பேசி எண்ணையும் செய்தியையும் ஜேசன் வடிவில் அடுக்குதல்.

3. எச்.டி.டி.பி. நெறியின் 'போஸ்ட்' முறையில் அனுப்புதல்.

4. திரும்பி வரும் குறியெண்ணைப் படித்தல். 200 எனில் வெற்றி. 401 எனில் சாவி செல்லவில்லை. 429 எனில் அளவுமீறிக் கேட்டுவிட்டோம், பொறுக்க வேண்டும். 500 முதலான எண்கள் வந்தால் கோளாறு சர்வர் பக்கம்.

பத்து விநாடியில் பதில் வராவிடில் மீண்டும் அனுப்புமாறு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு மழை நாளில் இணையத் தொடர்பு தடுமாறியது. நிரல் மீண்டும் மீண்டும் அனுப்பியது. ஆனால் ஒவ்வொரு முறையும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது; பதில்தான் வழியில் தொலைந்தது! நாற்பது பேருக்கு நான்கு நான்கு செய்திகள். சிலர் தம் எண்ணை நீக்கச் சொன்னார்கள். குழு கட்டியிருந்த முன்பணமும் தீர்ந்தது. மறுவாரம் ஒரு நோயாளிக்கு ஓ நெகடிவ் இரத்தம் தேவைப்பட்டபோது ஒரு செய்தியும் போகவில்லை. நண்பர்கள் ஒவ்வொருவரையாகத் தொலைபேசியில் அழைத்துத்தான் கொடையாளரைக் கண்டுபிடித்தனர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பதில் வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று பொருளன்று. தகவலைப் படிக்க மட்டும் கேட்கும் 'கெட்' முறையை எத்தனை முறை திருப்பினாலும் தீங்கில்லை. 'போஸ்ட்' அப்படியன்று, ஒவ்வொன்றும் புதிய கட்டளை. எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் தரவேண்டும். அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாது. பழைய பதிலையே தரும். இவ்வசதி அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இப்போது அதைச் சேர்த்துவிட்டேன். மறுமுயற்சிகளுக்கிடையே 1, 2, 4 விநாடி என இடைவெளியும் கூட்டினேன். மூன்றுக்குப் பின் நிரல் நின்று, குழுத் தலைவருக்குத் தெரிவிக்கும்.

நண்பர்களே! நிரல் எழுதுமுன் ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். மறுமுனையில் இருப்பது சர்வர் மட்டுமன்று. அதற்கும் அப்பால் மனிதர் இருக்கின்றனர்.