தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?
நகரக் கழிவுநீரில் கிருமி ஒழிப்பு பற்றி ஒரு பாடம்

சென்ற கோடையில், நகரசபை எல்லையை அடுத்துள்ள ஒரு பஞ்சாயத்தின் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். நகரசபையின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீரைத் தங்கள் பாசனக் கால்வாயில் ஏற்றுக்கொள்ளலாமா என்பதே அன்று அங்கத்தினர்கள் முன்னிருந்த கேள்வி. கிணறுகள் வற்றியிருந்தன, நின்ற பயிர் வாடிக்கொண்டிருந்தது. முதிய விவசாயி ஒருவர் அந்நீரைக் கண்ணாடிப் புட்டியொன்றில் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். "கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது, ஐயா. இன்னும் என்ன யோசனை?" என்றார். மற்றொருவரோ, "மருந்து கலந்த தண்ணீராயிற்றே, பயிர் கருகாதா?" என்று ஐயுற்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றிற்கு விடை காண வேண்டுமாயின், கழிவுநீரிலுள்ள கிருமிகள் எவ்வாறு ஒழிக்கப்படுகின்றன என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

கண்ணுக்குப் புலப்படாத பகை

நகரக் கழிவுநீரில் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ ஒரு பங்கே அழுக்கு, எஞ்சியது நீரேயாகும். ஆயினும் அந்த ஒரு பங்கில் காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சட்காமாலை ஆகிய நோய்களின் கிருமிகளும், குடற்புழுக்களின் முட்டைகளும் இருக்கக்கூடும். 1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, மாண்டவர்களுள் பெரும்பாலோர் ஒரே பம்பின் நீரைப் பருகியவர்கள் என்பதை டாக்டர் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டினார். அந்த நீரோ பலரும் விரும்பிக் குடித்த நீர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-இல், ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காலராக் கிருமியைக் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே கண்டார். ஆகவே, தெளிவு வேறு, தூய்மை வேறு.

முதலில் அழுக்கு, பிறகு கிருமி

சுத்திகரிப்பு நிலையத்தில் முதலாவதாகக் கந்தலும் குப்பையும் கம்பித் தடுப்புகளில் வடிக்கப்படுகின்றன. பின்னர் மணலும் சேறும் தொட்டிகளில் படிகின்றன. அதன்பின் நீரில் காற்றைச் செலுத்துவர். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்துள்ள அழுக்கை உணவாகக் கொள்கின்றன. மீண்டும் ஒருமுறை படியவிட்டால் நீர் தெளிகிறது. புட்டியில் நாம் கண்ட தெளிவு இவ்வளவில் வந்ததே. கிருமிகள் பெருமளவு குறைந்திருப்பினும், நோய் விளைவிக்கப் போதுமானவை இன்னும் எஞ்சியிருக்கும். அவற்றை ஒழிப்பதே இறுதிக் கட்டம்.

குளோரினின் வேலை

இதற்குப் பெரிதும் பயன்படுவது குளோரின். குடிநீரில் இதனை நாள்தோறும் கலக்கும் முறையை அமெரிக்காவில் ஜெர்சி நகரம் 1908-இல் மேற்கொண்டது. கழிவுநீரில் இது நன்கு வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, அளவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டுமெனக் கொள்வோம். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் நீருக்கு 5 கிலோ குளோரின் தேவை. நூற்றுக்கு 30 பங்கு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரானால் ஏறத்தாழ 17 கிலோ ஆகும். மூட்டை திறந்து கிடந்து, ஈரமும் வெயிலும் பட்டு, அதன் வலிமை பாதியாகியிருந்தால், அதே 17 கிலோ பாதி வேலையைத்தான் செய்யும். பதிவேட்டில் கணக்குச் சரியாக இருக்கும், கிருமியோ சாகாது.

இரண்டு, நேரம். குளோரின் கலந்த நீர் சுமார் அரை மணி நேரமாவது தொட்டியில் தங்குதல் வேண்டும். இதற்காகவே அத்தொட்டியில் குறுக்குச் சுவர்கள் எழுப்பி, நீரை வளைந்து வளைந்து செல்ல வைக்கின்றனர்.

மூன்று, முன் நடந்த வேலையின் செம்மை. நீரில் மாசுத் துகள்கள் மிதந்தால் கிருமிகள் அவற்றினுள் ஒளிந்து தப்பும். அழுக்கு குளோரினை வீணே செலவழித்துவிடும். அம்மோனியா மிகுந்திருப்பின், அது குளோரினோடு கூடிக் குளோரமைன் என்னும் வலிமை குறைந்த பொருளாகிவிடும். கலங்கிய நீரில் மருந்தை அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை.

வேறு வழிகளும் உள. புறஊதா விளக்கொளி கிருமியின் மரபுப் பொருளைச் சிதைத்து, அது பெருகாமற் செய்கிறது. இதில் மருந்து எஞ்சாது. ஆனால் நீர் தெளிவாகவும், விளக்குகள் துடைக்கப்பட்டும், மின்சாரம் தடையின்றியும் இருத்தல் வேண்டும். ஓசோன் வாயுவும் பயன்படுகிறது; செலவு மிகுதி. நிலம் கிடைக்குமிடங்களில், ஆழமற்ற குட்டைகளில் பல நாட்கள் நீரைத் தேக்கினால், வெயிலும் காலமுமே கிருமிகளைக் குறைத்துவிடும்.

குளோரினுக்கு அஞ்சாத பகை

விவசாயிகள் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குடற்புழு முட்டைகளின் ஓடு கடினமானது. வழக்கமான அளவுக் குளோரின் அவற்றைக் கொல்லாது. அவை குட்டைகளில் அடியிற் படிவதாலோ வடிகட்டுவதாலோதான் நீங்கும். எனவேதான் உலக சுகாதார நிறுவனம் 1989-இல், பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாயும் நீரில், 100 மில்லி லிட்டருக்கு மலக் கோலிபார்ம் கிருமிகள் 1000-க்கும், லிட்டருக்குப் புழு முட்டை ஒன்றுக்கும் மேற்படலாகாது என இரண்டு அளவுகளை வகுத்தது. கோலிபார்ம் என்பது மலத்தில் எப்போதும் காணப்படும் கிருமி இனம். அது நீரில் மிகுந்திருப்பின் நோய்க்கிருமியும் இருக்கக்கூடும் என்பது அடையாளம். 2006-இல் அந்நிறுவனம் வெளியிட்ட நெறிகள், நிலையம், வயல், சமையலறை ஆகிய ஒவ்வோரிடத்திலும் தடுப்பு வேண்டும் என வற்புறுத்துகின்றன.

பயிர் கருகுமா?

லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறைவாக எஞ்சிய குளோரின் பொதுவாகப் பயிரைக் கெடுப்பதில்லை. ஐந்து மில்லிகிராமை மிஞ்சினால் கேடு விளையும். மீன்களோ மிகச் சிறிய அளவையும் தாங்கா. ஆகவே மீன் வளர்க்கும் ஏரியில் விடுமுன் குளோரினை நீக்குதல் இன்றியமையாதது.

பஞ்சாயத்து கேட்க வேண்டியவை

நீரை ஏற்குமுன் அங்கத்தினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்பார்களாக. கோலிபார்ம் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, முடிவு என்ன? புழு முட்டைக்கும் சோதனை உண்டா? வெளியேறும் நீரில் எஞ்சிய குளோரின் எவ்வளவு? மின்சாரம் நின்றாலோ மருந்து தீர்ந்தாலோ நீர் எங்கே திருப்பப்படும்?

வயலிலும் கடமை உண்டு. கீரை, வெள்ளரி, தக்காளி முதலியவற்றைத் தவிர்த்து, பருத்தி, தீவனப்புல், மரப்பயிர் ஆகியவற்றிற்கு இந்நீரைப் பாய்ச்சுதல் நலம். தெளிப்பு முறையினும் வாய்க்கால் முறையோ சொட்டுநீர் முறையோ சிறந்தது. அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே பாய்ச்சலை நிறுத்துதல் வேண்டும். காலில் செருப்பின்றி இறங்குதலும், கை கழுவாமல் உண்ணுதலும், குழந்தைகளைக் கால்வாயில் விளையாட விடுதலும் ஆகா. குடிநீர்க் கிணற்றருகே இக்கால்வாய் செல்லலாகாது.

நாம் குறிப்பிட்ட பஞ்சாயத்தில், புட்டி நீரைச் சோதனைக்கு அனுப்புவதெனவும், முடிவு வரும் வரை கால்வாயைத் திறப்பதில்லை எனவும் தீர்மானமாயிற்று. வாடும் பயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பொறுத்தல் எளிதன்று. பெரியவர் சற்று முகம் சுளித்தாலும், கை தூக்கி இசைந்தார். முடிவு வந்தபோது கோலிபார்ம் வரம்பை மிஞ்சியிருந்தது. நிலையத்தில் பார்த்ததில், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் பழையவை. அவை மாற்றப்பட்டு, மறு சோதனையும் தேறிய பின்னரே கால்வாய் திறக்கப்பட்டது. அந்நீர் இன்று பருத்திக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்கிறது.

நீர் பற்றாக்குறை மிகுந்த இக்காலத்தில் நகரத்தின் கழிவுநீர் கிராமத்திற்குச் செல்வமாகலாம். அது செல்வமாவதும் நோயாவதும் சோதனையைப் பொறுத்தது. கண்ணால் கண்டு முடிவு செய்யாமல், கணக்கைக் கேட்டு முடிவு செய்தல் ஒவ்வொரு பஞ்சாயத்தின் பொறுப்புமாகும்.