20,000 ரூபாய் ரவுட்டர் உங்களுக்குத் தேவையா? பெட்டி மேல இருக்கிற நம்பரைப் படிக்கக் கத்துக்கலாம் வாங்க



போனஸ் வந்த வாரம். வீட்டில் இருந்து வேலை. மீட்டிங் நடுவில் வீடியோ உறைஞ்சு நிக்குது. அன்னைக்கு ராத்திரியே எட்டு ஆன்டெனா வச்ச ரவுட்டர் ஒண்ணை கார்ட்ல போட்டுடுறோம். விலை 20,000 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐ வேற! பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

1. முதல்ல ஒரு சோதனை, செலவே இல்லை

லேப்டாப்பை கேபிள் வழியா இப்போ இருக்கிற ரவுட்டரில் இணைச்சு ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்க. அடுத்து ரவுட்டர் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். கடைசியா நீங்க வேலை பார்க்கிற ரூம்ல.

கேபிளிலேயே வேகம் குறைவா? கேபிள், போர்ட், இல்லன்னா லைன்ல பிரச்னை. முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க. பக்கத்தில் நல்லா இருந்து ரூம்ல மட்டும் குறையுதா? சுவரும் தூரமும்தான் காரணம். டிவிக்குப் பின்னாடி இருக்கிற ரவுட்டரை வெளியே, உயரமா வைங்க. கேபிளில் நல்லா இருந்து, பக்கத்திலேயே வைஃபை மோசமா இருந்தால்தான் ரவுட்டர் மேல சந்தேகப்படணும்.

2. ஏஎக்ஸ்6000 என்றால் 6,000 எம்பிபிஎஸ் இல்லை

அது ஒரு கூட்டல் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1,148, 5 கிகாஹெர்ட்ஸில் 4,804. கூட்டினா 5,952, அதை 6,000னு போடுறாங்க. ஒரு போன் இரண்டையும் சேர்த்து வாங்காது. பெரும்பாலான போன்களில் இரண்டு ஸ்ட்ரீம்தான். வைஃபை 6-ல், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதன் உச்சம் 1,201. கைக்கு வர்றது அதுலயும் ஏறக்குறைய பாதிக்குக் கொஞ்சம் மேல. உங்க பிளான் 100 எம்பிபிஎஸ்னா, இன்டர்நெட் அதைத் தாண்டி ஒரு எம்பிபிஎஸ் கூட வரப்போறதில்லை.

3. எதைப் பார்க்கணும்?

போர்ட்: கிகாபிட் போர்ட் கட்டாயம். நடைமுறையில் 940 வரை தரும். 2.5 கிகாபிட் போர்ட், பிளான் 1 ஜிபிபிஎஸ்ஸைத் தாண்டினாலோ, வீட்டுக்குள்ள பெரிய ஃபைல்களை நகர்த்தினாலோ மட்டும் வேணும்.

ஆன்டெனா: எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க. எவ்வளவு சக்தியில் சிக்னல் அனுப்பலாம் என்பதற்கு அரசு வரம்பு இருக்கு. விலை கூடினா அந்த வரம்பு கூடாது. பெரிய வீடா இருந்தா, ஒரே ராட்சச ரவுட்டரை விட, கேபிளால் இணைச்ச இரண்டு சாதாரண மெஷ் யூனிட் பெரும்பாலும் நல்லா வேலை செய்யும்.

க்யூஓஎஸ்: இதுதான் பலர் கவனிக்காதது. வீட்டில் யாரோ போட்டோ எல்லாம் கிளவுடில் ஏத்தும்போது உங்க கால் உறையுதா? அது வேகக் குறைவு இல்லை, நெரிசல். நல்ல க்யூஓஎஸ் உங்க காலுக்கு வழி விடும். ப்ராசஸர் பலமா இருக்கணும்னு சொல்றதுக்கு உண்மையான காரணங்களில் இதுவும் ஒண்ணு.

அப்டேட்: எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவாங்க, டபிள்யூபிஏ3 இருக்கான்னு பாருங்க. அப்டேட் நின்னுபோன விலை உயர்ந்த ரவுட்டர், பூட்டு பழுதான தேக்குக் கதவு மாதிரி.

சந்தா: பேரன்டல் கன்ட்ரோல், செக்யூரிட்டி எல்லாம் முதல் சில மாதம் இலவசம், அப்புறம் சந்தா என்கிற மாடல்களும் இருக்கு. அதையும் விலையோடு கூட்டுங்க.

4. வைஃபை 7?

அதன் 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் கிடைக்கும். இந்தியாவில் அது நீண்ட காலம் வீட்டு வைஃபைக்குத் திறக்கப்படாமலே இருந்தது. வாங்கப் போற மாடலில் அது இங்கே இயங்குதான்னு கேளுங்க. உங்க போனும் லேப்டாப்பும் அதை ஆதரிக்கணும். இல்லன்னா ஹைவே இல்லாத ஊர்ல ரேஸ் கார்தான்.

5. கரன்ட் கணக்கு

ரவுட்டர் 24 மணி நேரமும் ஓடும். பெரிய ரவுட்டர் 10 வாட் கூடுதலா எடுத்தா, வருஷத்துக்கு சுமார் 88 யூனிட். யூனிட் 6 ரூபாய்னு வச்சா 525 ரூபாய்க்கு மேல. சின்னத் தொகைதான், ஆனா விலைப்பட்டியலில் இது வராது.

முடிவு என்ன?

300 எம்பிபிஎஸ் வரைக்கும் பிளான், இரண்டு படுக்கையறை வீடுன்னா ஏஎக்ஸ்3000 வகை ரவுட்டர் தாராளமா போதும். ஜிகாபிட் பிளான், வீட்டுக்குள்ள சர்வர், பதினைஞ்சு இருபது சாதனம்னா, மேல போறதில் நியாயம் இருக்கு. மீதிப் பணம்? எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் நிறையலன்னா, அதுக்குப் போகட்டும். ரவுட்டர் நாலு வருஷத்துல பழசாயிடும். வேலை போற மாசம் உங்களைக் காப்பாத்துறது அந்த ஃபண்ட்தான்.

இன்னைக்கே அந்த மூணு டெஸ்டையும் பண்ணிட்டு, வந்த மூணு நம்பரை கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!